பெட்டை மானுக்குத் திறந்த மாதம் கிடையாது

என் மகனுக்கு,

முதலில் இந்தக் கையெழுத்துக்காகப் பொறுத்துக்கொள். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு வரியும் இடது பக்கம் கோட்டில் புறப்பட்டு, வலது பக்கம் போகப் போக மேட்டில் ஏறிவிடுகிறது. மண்வெட்டி பிடித்த கைக்குப் பென்சில் ரொம்பச் சின்னச் சாமான். அழுத்தினால் முனை ஒடிகிறது, அழுத்தாவிட்டால் எழுத்து விழமாட்டேன் என்கிறது. 'ழ' எழுதும்போது என் நாக்கு வெளியே வந்துவிடுகிறது என்று உன் ஆத்தா சிரிக்கிறாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உட்கார்ந்தால், ஒரு பக்கம் முடிவதற்குள் வெயில் முதுகுக்கு வந்துவிடுகிறது. அதனால் இந்தக் கடிதம் பல நாள் காலையில் எழுதியது. வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்காதே. பிழை இருக்கிற இடத்தைப் பேச்சி விரலால் காட்டுவாள், அடித்துத் திருத்துவது நான்தான். அடித்திருக்கிற அடியைப் பார்த்தாலே உனக்குத் தெரியும்.

எழுதுவதில் இருக்கிற சந்தோஷத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும். உன் தாய்மாமன் மகள் பேச்சி, வருகிற வைகாசியில் நீ தாலி கட்ட இருக்கிறவள், போன அறுவடை முடிந்த கையோடு எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். நான்தான் கேட்டேன். முகூர்த்த ஓலை வாசிக்கிற அன்று கணக்குப்பிள்ளையைத் தேடாமல், சபையில் எழுந்து நின்று நானே வாசிக்க வேண்டும், நீ வாயைப் பிளக்க வேண்டும், இதுதான் என் ஆசை. அதனால் உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். சுளகில் தவிட்டைப் பரப்பி விரலால் எழுதவைப்பாள். நான் பாடுபட்டு ஒரு 'அ' போட்டு முடிப்பதற்குள் கன்றுக்குட்டி வந்து அதை நக்கிவிட்டுப் போகும். "அதுக்குப் புரிஞ்சிருச்சு மாமா, ஒங்களுக்குத்தான் இன்னும் புரியல" என்பாள் அவள். எழுத்து ஒன்றோடு ஒன்று சேர்ந்து முதன்முதலாக ஒரு வார்த்தையாக என் வாயில் வந்த அன்று, நான் மாட்டுக்கொட்டத்தில் தனியாக நின்று சிரித்தேன். மாடு திரும்பிப் பார்த்தது. இந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

பேச்சியின் வீட்டில் புத்தகம் கிடையாது. அதனால் அழகர்மலை அடிவாரத்தில், வண்டிப்பாதை ரிசர்வு காட்டுக்குள் நுழைகிற இடத்தில், உங்கள் வன இலாகா நட்டிருக்கிற தகரப் பலகைதான் என் வாசகப் புத்தகம். எழுத்து பெரிதாக இருக்கும், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். ஆடு மேயவிட்டு அதன் முன்னால் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவேன். லைசென்ஸ் இல்லாமல் எல்லைக் கல்லுக்கு உள்ளே வேட்டையாடக் கூடாது. வலை கட்டக் கூடாது, கண்ணி வைக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ளவரும் கொம்பு முற்றிய கலைமானைத்தான், அதுவும் திறந்த மாதங்களில்தான் வேட்டையாடலாம், மூடிய மாதங்களில் கூடாது. கடைசி வரியைக் கூட்டி வாசிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது: பெட்டை மானை எந்த மாதத்திலும் கொல்லக் கூடாது. சுள்ளி பொறுக்கி வந்த பக்கத்து ஊர்ப் பெண்களை நிறுத்தி உரக்க வாசித்துக் காட்டினேன். "அண்ணே, நாங்க மானத் தூக்கிட்டா போறோம், வெறகுதான கொண்டு போறோம்" என்று ஒருத்தி சொன்னாள். அன்று சாயங்காலம் அதையே உன் ஆத்தாவுக்கு விளக்கினேன். கலைமானுக்குத் திறந்த மாதம் உண்டு, மூடிய மாதம் உண்டு, பெட்டைக்குத் திறந்த மாதமே கிடையாது, ஏனென்றால் பெட்டை போனால் குட்டியும் போகும், என்று ஏதோ நானே எழுதிய சட்டம் போலச் சொன்னேன். படிக்கத் தெரியாதவன் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விடலாம். நான் படித்துவிட்டுச் செய்தவன். அது தெரியட்டும் என்றுதான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

பாரி வேட்டையன்று என்ன நடந்தது என்று வாக்குமூலத்தில் நான்கு வரியில் எழுதிவிட்டாய். நான்கு வரியில் அடங்காததும் இருக்கிறது. சிவராத்திரி முடிந்து ஊரே நாயும் வலையும் வேல்கம்புமாகப் புறப்படுகிற வழக்கம் உனக்குத் தெரியும். அந்த வருஷம் மகனுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் கையால் விழுகிற மிருகத்தின் தலையை மஞ்சள் துணியில் சுற்றிக் கல்யாண வீட்டு வாசலில் கட்டுவார்கள். என் கல்யாணத்துக்கு என் அய்யா காட்டுப்பன்றித் தலை கட்டினார். முதல் நாள் நீ ஊர்க்கூட்டத்துக்கு வந்து, "கல்லுக்கு வெளிய முயலோ பன்னியோ அது ஒங்க பாடு. கல்லுக்கு உள்ள வந்தா நான் பாரஸ்ட் கார்டு. யாரு மகனும் இல்ல, யாரு மருமகனும் இல்ல" என்றாய். நான் கூட்டத்தில் உட்கார்ந்து, 'பார், என் மகன்' என்பது போல எல்லார் முகத்தையும் பார்த்தேன்.

மறுநாள் உச்சிவெயில் வரைக்கும் கரட்டுக்காட்டைக் கலைத்தும் ஒரு முயலும் இரண்டு கௌதாரியும்தான். அப்போது நாய்கள் ஒரு மானைக் கிளப்பின. அது புதரிலிருந்து பாய்ந்து எங்கள் கண் முன்னால் எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே போய்விட்டது. நான் கல்லருகில் நின்றுவிட்டேன். உன் மாமன் பின்னால் வந்தார்.

"என்ன மச்சான், கல்லப் பாத்ததும் காலு பூட்டிக்கிருச்சா?"

"அங்கிட்டுப் போயிருச்சு. விடு."

"மானு பலகையப் படிச்சுட்டா அங்கிட்டுப் போச்சு? அதுக்கும் எம் மக சொல்லிக் குடுத்தாளா?" என் படிப்பு அங்கே நின்றவர்களில் அவருக்கு மட்டும் தெரியும். பேச்சி அவர் வீட்டிலிருந்துதானே சுளகு கொண்டுவருகிறாள். "தலை இல்லாத வாசல்ல எம் மக எப்படிக் காலு வைப்பா? முயலு தலையக் கட்டித் தொங்கவிடுவீகளோ?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "மகன் காக்கி போட்டான், அப்பனுக்கு வேட்டி நனஞ்சிருச்சு" என்று ஒரு குரல். யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்பது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரிந்தது. கல்லைத் தாண்டினேன். நான் தாண்டியதும் எல்லாரும் தாண்டினார்கள். வறண்ட ஓடையில் வலையைக் கட்டி நாயை விட்டுத் திருப்பினோம். அதற்குக் கொம்பு இல்லை என்பது ஓடும்போதே எனக்குத் தெரிந்தது. வலையில் விழுந்த பிறகு குத்தியது நான்தான். தோலை உரித்தவன் மானின் மடியில் கை பட்டதும் நிறுத்திவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். பால் இருந்தது. அந்தக் குட்டி எந்தப் புதரில் படுத்திருந்ததோ. அப்புறம்தான் உன் மாமன் தலையைப் பார்த்தார். "கொம்பில்லாத தலைய வாசல்ல எப்படிக் கட்டுறது? சரி விடுங்க, கறியாவது ஆச்சு" என்றார். எந்தத் தலைக்காகக் கல்லைத் தாண்டினோமோ அது அங்கேயே மண்ணில் கிடந்தது, எறும்பு மொய்த்தது.

நீ வாட்சரோடு வந்தபோது கோயிலுக்கு முன்னால் கறியைப் பங்கு வைத்துக்கொண்டிருந்தோம். "வாங்க மருமகனே, ஒங்க பங்கும் எடுத்து வச்சிருக்கு" என்றார் உன் மாமன், ஒன்றும் நடக்காதது போல. நீ அவரைப் பார்க்கவில்லை. "யாரு குத்துனது?" என்றாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். "அய்யா, எங்க வச்சுக் குத்துனீங்க? கல்லுக்கு உள்ளயா, வெளியவா?" உன் குரல் கொஞ்சம் உடைந்ததை நான் கேட்டேன். வெளியே என்று நான் சொல்லிவிடக் கூடாதா என்று நீ ஒரு நொடி ஆசைப்பட்டாயோ என்னவோ. "உள்ள" என்றேன். அன்று முழுவதும் நான் செய்த நல்ல காரியம் அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்து நடந்ததை எழுத எனக்குக் கை கூசுகிறது. நீ வாக்குமூலத்தை எழுதி, உரக்க வாசித்து, மைப்பெட்டியைத் திறந்து, "பெருவிரலக் குடுங்கய்யா" என்றாய். நான் பேனாவைக் கேட்டேன். நீ புரியாமல் நின்றாய். நானே உன் விரலிலிருந்து பேனாவை எடுத்து, தாளை முழங்காலில் வைத்து, என் பெயரை எழுதினேன். என் பெயரை நான் மையால் எழுதியது அதுதான் முதல் தடவை. என் மகன் என் மேல் போட்ட வழக்கில் எழுதினேன். அதிலும் கேவலம் என்ன தெரியுமா? எழுதி முடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் ஒரு பால்மானின் கறி கூறு கூறாகக் கிடக்கிறது, என் மகனுக்கு முகம் வெளுத்திருக்கிறது, நானோ நீ என்னைப் பாராட்டுவாய் என்று உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "எப்பப் படிச்சீங்க?" என்று கேட்டாய். "பேச்சி" என்றேன். நீ தாளை மடித்தாய். வேல்கம்பையும் தோலையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாய். அன்றிலிருந்து நீ வரவில்லை. அதற்காக நான் உன்னைக் குறை சொல்லவில்லை.

போன வருஷம் ஒரு ஜமீன்தார் வீட்டுக் கார், மூடின மாதத்தில் துப்பாக்கியோடு வந்ததே, அதை நீ மறித்துத் திருப்பி அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கதையை மேலூர்ச் சந்தையில் நான் சொல்லாத கடை இல்லை. காரின் நீளம் ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் கூடும். "கார்டுன்னா எங்க வீட்டுக் கார்டுதான்" என்று மாட்டுத் தரகனிடம்கூடச் சொன்னேன். சட்டம் அடுத்தவன் தலையில் விழுகிறபோது எனக்கு இனித்தது. நீ முதன்முதல் காக்கி போட்டு வீட்டுக்கு வந்த அன்றோ, ஊரார் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைக் கழற்று என்று சொன்னவனும் நான்தான். காட்டைக் காப்பாற்றுகிறவன் ஊரைப் பகைத்தவன் என்று பேசுவார்களே என்று பயந்தேன். நீ கழற்றவில்லை. அன்று உனக்கு இருந்த தைரியம் அந்தக் கல்லருகில் எனக்கு இல்லாமல் போனது.

உன் மாமன் சொல்வதில் பொய் இல்லாத பங்கும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். "தொரைமாருக்கு மாசம் தொறக்குது. நமக்கு வருசம் பூராவும் பூட்டா?" என்று கேட்கிறார். லைசென்ஸ் யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்று உனக்கும் தெரியும். அது நியாயமில்லை. ஆனால் நான் அந்த நியாயத்துக்காகக் கல்லைத் தாண்டவில்லையே. சிரித்தார்கள் என்று தாண்டினேன். துரை துப்பாக்கியோடு வந்தாலும் அந்தப் பெட்டை மானுக்குத் திறந்த மாதம் கிடையாதே.

இனி நீ அறியாததைச் சொல்கிறேன். யாராவது சொல்லி நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டும். போன வாரம் உன் மாமன் மேலூரிலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தாவை அழைத்துவந்தார். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே முழுவதையும் கேட்டுவிட்டு, "ஊருக்கே தெரியும், இவரு கைநாட்டு. கைநாட்டுக்காரரு எப்படிக் கையெழுத்துப் போடுவாரு? கார்டே போட்டுக்கிட்டாருன்னு சொல்லிருங்க. பாத்த ஊர்க்காரங்க யாரும் மாத்திச் சொல்ல மாட்டாக. கேசு புஸ்ஸுன்னு போயிரும்" என்றார்.

"எம் மகனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"என்ன ஆகும், காக்கியக் கழட்டச் சொல்லுவாக. கலெக்டர் உத்தியோகமா போயிரப் போகுது?"

"பொய்க் கையெழுத்துன்னா அவனையில்ல உள்ள வைப்பாக?"

"அம்புட்டுத் தூரம் போகாது" என்று சொல்லிவிட்டு வெளியே துப்பப் போனார். எம்புட்டுத் தூரம் போகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை.

"காக்கி போனா நல்லதுதான மச்சான்" என்றார் உன் மாமன். "மருமகன் நமக்குத் திரும்பி வருவாரு. நீங்க மாட்டேன்னா, நானும் எம் மகளுக்கு வேற எடம் பாக்குறேன். ஊரக் காட்டிக் குடுக்குற வீட்டுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

நான் தலையாட்டினேன். உன் கல்யாணம் நிற்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். குமாஸ்தா வக்காலத்துத் தாளை விரித்தார். அவர் சட்டைப் பையில் பேனா இருந்தது. ஆனால் மைப்பெட்டியைத்தான் திறந்தார். நான் பெருவிரலைக் கொடுத்தேன். இனி ஒரு நாளும் இந்த விரலில் மை படாது என்று எத்தனை தடவை எனக்குள் சொல்லியிருப்பேன்! அதே விரலை, உன்னைப் பொய்யனாக்குவதற்காக மையில் அமுக்கினேன். பிறகு சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன், சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், நகக்கண்ணில் மை போகவே இல்லை. சோறு போடும்போது உன் ஆத்தா அந்த விரலைப் பார்த்தாள். "என்ன, அதுக்குள்ள எழுத்து மறந்து போச்சா?" என்றாள்.

மறுநாள் காலையில் பேச்சி சுளகோடு வந்தாள். அவளும் விரலைப் பார்த்தாள். அவள் வீட்டில் பேசியது அவள் காதில் விழாமல் இருக்குமா? தவிட்டைப் பரப்பவில்லை, வெறும் சுளகை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மாமா, ஒங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு சொன்னா, நான் சொல்லிக் குடுத்தது இல்லைன்னு ஆகுது. அவுக பொய் எழுதுனாகன்னு ஆகுது. ஒங்க ஒத்த வெரலுக்காக நாங்க ரெண்டு பேரும் பொய்யாகணுமா?"

"ஒங்க அப்பன் வேற எடம் பாக்குறேங்கிறாரு தாயி."

"பாக்கட்டும். வர்ற மாப்பிள்ளை வீட்டாளுககிட்டயெல்லாம் எங்க மாமனுக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தது நான்தான்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் எவன் வருவான்?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வேறு ஏதோ வந்தது. தலையைக் குனிந்துகொண்டு, "தாளு இருக்கா?" என்று கேட்டேன். அவள் கொண்டுவந்த தாளில்தான் இதை எழுதுகிறேன்.

மகனே, வருகிற வியாழக்கிழமை மேலூர்க் கோர்ட்டில் விசாரணை. குமாஸ்தாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டேன், எனக்கு வக்கீல் வேண்டாம். கல்லுக்கு உள்ளே போனவன் நான், வலை கட்டச் சொன்னவன் நான், பெட்டை மானைக் குத்தியவன் நான், கையெழுத்தும் என்னுடையதுதான் என்று சொல்லப்போகிறேன். அங்கே எனக்கு வாய் குழறினாலும் குழறலாம். என்னைத் தூண்டிவிட்டவர்கள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள், மறுபடி சிரிப்பார்கள். என்னை எனக்குத் தெரியும். அதனால் இந்தக் கடிதத்தை நீ கையோடு கொண்டுவா. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், அதற்காகத்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன். வாக்குமூலத்தில் இருக்கிற என் பெயரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். அதுவும் இதே போல வலது பக்கம் மேட்டில் ஏறிப் போயிருக்கும். முழங்காலில் வைத்து எழுதியதால் அப்படி ஆனது என்று அன்று நினைத்தேன். பலகையில் வைத்து எழுதினாலும் ஏறத்தான் செய்கிறது. இந்தக் கோணல் வேறு யார் கைக்கும் வராது.

எனக்காக யாரிடமும் போய் நிற்காதே. அபராதமோ தண்டனையோ, கொடுப்பதை வாங்கிக்கொள்கிறேன். உன் மாமன் கோபம் வைகாசிக்குள் ஆறுமா என்று தெரியாது. ஆறாவிட்டாலும் பேச்சியை விட்டுவிடாதே. கட்டிக்கொண்ட பிறகு அவள் உன்னிடம் ஒன்று தப்பு என்று சொன்னால், சொன்ன இடத்தை ஒரு தடவை திரும்பிப் பார். எனக்கு விரலால் காட்டுகிற இடத்திலெல்லாம் பிழை இருந்தது. நாலு பேர் சிரிக்கிற இடத்தில் நிற்க நேர்ந்தால், சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நில். சிரிப்பு அன்று சாயங்காலத்தோடு போய்விடுகிறது. நான் குத்தியது இன்னும் என் கையில் இருக்கிறது.

முகூர்த்த ஓலையை வாசிக்க என்னைக் கூப்பிட வேண்டும் என்று இனி நான் கேட்க மாட்டேன். கூப்பிட்டால் வருவேன்.

வியாழக்கிழமை முடிந்ததும், வீட்டுக்கு விட்டால் வீட்டிலிருந்து, உள்ளே வைத்தால் உள்ளேயிருந்து, அடுத்த வாரம் உனக்கு எழுதுகிறேன். உள்ளே போகிறவர்களிடம் பதிவுக்குக் கைநாட்டு வாங்குவார்களாம். மைப்பெட்டியை நீட்டினால் பேனா கேட்பேன்.

உன் அய்யா